மூன்று கடிதங்களும் ஒரு தூணும்

மண்ணைக் குடைந்து அடித்தளமிட்டு, மாடிமேல் மாடி எழுப்பி, மனிதர் வாழ மனை கொடுக்கும் இந்த மாபெரும் சங்கத்துக்குத் தலைமை தாங்கி நடுவில் வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே. அவருக்கு வலமும் இடமுமாக அமர்ந்து, என் பேச்சு எப்போது முடியும் என்ற கவலையை முகத்தில் காட்டிக்கொள்ளாத மூத்த ஒப்பந்ததாரர் பெருமக்களே. கல்லுக்குக் கட்டளையிடும் கொத்தனார்களே. கம்பியை வளைத்துக் கட்டடத்துக்கு எலும்பு கொடுக்கும் கைகளே. பலகை அடித்து முட்டுக் கொடுத்துக் கூரைக்கு வடிவம் வகுக்கும் தச்சர்களே. காலைமுதல் மாலைவரை சட்டி சுமந்தும் சிரிப்பைக் கீழே வைக்காத தாய்மார்களே, தங்கைமார்களே. ஆயிரம் வேலை இருக்க அரை நாளை எங்களுக்காக ஒதுக்கி முன்வரிசைக்கு வந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே. என் சக கட்டடக்கலைஞர்களே. உங்கள் ஒவ்வொருவருக்கும் கை குவித்து, தலை தாழ்த்தி, நெஞ்சு நிறைந்த வணக்கத்தைச் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு நெஞ்சு படபடக்கிறது. மறைக்க மாட்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகளில் இந்தச் சங்கத்து மேடையில் ஏறுகிற முதல் கட்டடக்கலைஞர் நான்தான் என்று செயலாளர் சொன்னார். உள்ளே வரும்போது வாசலில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. “இந்தம்மா டிராயிங் போடுறவங்க ஆச்சே. இங்க எதுக்கு வந்திருக்காங்க? எதையாவது இடிக்கச் சொல்லப் போறாங்களா?”

சிரிக்கிறீர்கள். அவர் எந்த வரிசையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஐயா, அஞ்ச வேண்டாம். இன்று நான் இடிக்க வந்தது ஒன்றே ஒன்று. அது என்னுடைய தலைக்கனம். அதில் பாதியை உங்கள் தலைவர் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இடித்துவிட்டார். மீதியை இன்று நானே இடிக்கிறேன்.

கட்டுமானத்தின்போது ஒப்பந்ததாரரிடம் கட்டடக்கலைஞரின் கடமை என்ன என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். கனமான தலைப்பு. சட்டம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, நான் படித்த புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைத் திறந்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள், நானும் தூங்கிவிடுவேன். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். என் தவறும் இருக்கிறது, நம் தலைவரின் தவறும் இருக்கிறது. அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டேன். “அண்ணா, அந்தக் கதையை மேடையில சொல்லலாமா?” என்றேன். அவர் சொன்ன பதில் இது: “தாராளமா சொல்லுங்க. ஆனா என் தப்பையும் சேர்த்துச் சொல்லணும். பாதிய மறைச்சீங்கன்னா மைக்க நானே வாங்கி மீதிய சொல்லிடுவேன்.”

இந்த மனிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது வாக்காளர் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அவர் ‘ரசமட்டம்’. தரையில் நூலளவு சரிவு இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். மட்டம் பார்க்கும் ரசமட்டக் கருவியை வைத்துப் பார்த்தால் கருவியும் அவர் சொன்னதையே சொல்லும்.

நண்பர்களே, ஆறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊர் மகப்பேறு மருத்துவமனையின் நிலை என்ன? ஒரு கட்டிலில் இரண்டு தாய்மார்கள். நடைபாதையில் பாய். பிரசவ அறையின் கூரையிலிருந்து பூச்சு உதிர்ந்து விழும். இதோ, முன்வரிசையில் இருக்கும் தலைமை மருத்துவர் எத்தனை அலுவலகப் படி ஏறினார், எத்தனை கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தார் என்பது ஒரு தனிக் கூட்டத்தில் பேச வேண்டிய கதை. கடைசியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றுக்கு அனுமதி வாங்கினார். வரைந்தது நான். கட்டியது ரசமட்டம். அதற்கு முன் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுகூட இல்லை.

முதல் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் கொட்ட நாள் குறித்தாகிவிட்டது. அந்தச் சமயத்தில் எனக்கு வேறொரு மயக்கம். பெரிய போட்டி ஒன்று. இருபது மாடி, முழுக்கக் கண்ணாடி. அதன் அட்டை மாதிரி என் அலுவலக மேசை முழுவதையும் அடைத்து நின்றது. அதையே சுற்றிச் சுற்றி வந்தேன். மருத்துவமனைக் கட்டடமா? அதுதான் வரைந்து கொடுத்தாகிவிட்டதே, அவர்கள் கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். வரைந்து கொடுத்ததோடு முடிந்துவிடுமா நம் வேலை? பெற்றுப் போட்டதோடு முடிந்துவிடுமா தாயின் வேலை? அன்று இந்தக் கேள்வியை என்னிடம் நேரில் யாரும் கேட்கவில்லை. ஒருவர் கேட்டார். கடிதத்தில் கேட்டார். நான் படிக்கவில்லை.

முதல் கடிதம் வந்தது. ஒப்பந்ததாரர் கைப்பட எழுதியது. மேல்மாடிக் கழிவறைகளிலிருந்து வரும் குழாயும், நடுக்கூடத்தின் உத்திரமும் என் வரைபடத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. குழாயை உத்திரத்துக்குக் கீழே கொண்டுபோனால் கூரை தாழ்ந்து, நோயாளி வண்டியில் மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பி இடிக்கும். உத்திரத்தைத் துளைத்துக் கொண்டுபோவதானால் எந்த இடத்தில் துளைப்பது? இவ்வளவுதான் கேள்வி. எவ்வளவு நல்ல கேள்வி. என் வரைபடத்தில் நான் செய்த பிழையை, என்னைப் புண்படுத்தாமல் கேள்வியாக்கி அனுப்பியிருக்கிறார். நான் முதல் வரியைப் படித்தேன். “இவருக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம்” என்று ஒதுக்கி வைத்தேன்.

நான்கு நாள் கழித்து இரண்டாவது கடிதம். உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

மூன்றாவது கடிதம் வந்தது. அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தேன். மேசை கறையாகக் கூடாதாம். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? பிறகுதான் படித்தேன், இன்றும் மனப்பாடமாக இருக்கிறது. “அம்மா, பதில் வராததால் எனக்குத் தெரிந்தபடி செய்கிறேன். வியாழக்கிழமை கான்கிரீட். தவறாக இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.”

பதினொரு நாள். பதிலே இல்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தளத்தைப் பார்க்கப் போனேன். கடமைக்குப் போனேன் என்று சொன்னால் பொய். புகைப்படம் எடுக்கப் போனேன். வாசலில் மூன்று கான்கிரீட் லாரிகள் நிற்கின்றன, அவற்றின் உருளைகள் சுழல்கின்றன. மேலே நாற்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். என்ன ஒரு காட்சி அது. கம்பிப் பின்னலுக்கு மேலே வெயில் விழுந்து தளம் முழுவதும் கட்டம் கட்டமாக நிழல். கைபேசியை உயர்த்தினேன். அந்தச் சின்னத் திரையில்தான் பார்த்தேன். நடு உத்திரத்துக்குள், தூணிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெள்ளையாக ஒரு குழாய். அதற்கு இடம் கொடுக்க உத்திரத்தின் வளையக் கம்பிகள் இரண்டை வெட்டியிருந்தார்கள்.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இப்போதே ஆபத்து புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உத்திரம் தூணைப் பற்றுகிற இடம், மனிதருக்குத் தோள்பட்டை மாதிரி. தூக்குகிற பாரமெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். அங்கே ஓட்டை போட்டு, அங்கே கம்பியை வெட்டி, அதன்மேல் பிரசவ அறையை வைத்தால்? கட்டிலையும் தாயையும் பிள்ளையையும் வைத்தால்?

 கம்பி கட்டிக்கொண்டிருந்தவரிடம் ஓடினேன். “இந்தக் குழாயை எடுங்க. இப்பவே எடுங்க,” என்றேன். அவர் குறட்டைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “மேஸ்திரி சொல்லாம நான் கை வைக்க மாட்டேம்மா.”

“நான் இந்தக் கட்டடத்தோட ஆர்க்கிடெக்ட்.”

“அதனாலதாம்மா மரியாதையா சொல்றேன்.”

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், அவருக்குச் சேர வேண்டிய தட்டல் அது. நான் கோபப்பட்டேன், ஆனால் அவர் செய்ததுதான் சரி. ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கு நேராகக் கட்டளையிட எனக்கு உரிமை இல்லை. ஒரு கையை இரண்டு தலைகள் ஆட்டினால் அந்தக் கை யாரையாவது குத்திவிடும். நான் சொல்ல வேண்டியதை ஒப்பந்ததாரரிடம் சொல்ல வேண்டும். எப்படிச் செய்வது என்பது அவர் பொறுப்பு.

அவர் வந்தார். ரசமட்டம். நடையில் அவசரம் இல்லை.

“என்னம்மா?”

“யாரைக் கேட்டு இந்த இடத்துல குழாய் வச்சீங்க?”

சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த மூன்று தாள்களை எடுத்தார். நகல் வைத்திருந்தார். “உங்களைத்தாம்மா கேட்டேன். மூணு தடவை கேட்டேன்.”

நாற்பது பேர் பார்க்கிறார்கள். கீழே லாரிகள் உறுமுகின்றன. நான் அந்தத் தாள்களைப் படிக்கிறேன். முதல் தாள், இரண்டாவது தாள், மூன்றாவது தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் படித்ததில்லை.

அதற்குள் சத்தம் கேட்டு எதிர்க் கட்டடத்திலிருந்து தலைமை மருத்துவர் வந்துவிட்டார். கையுறையைக் கழற்றிக்கொண்டே ஏறி வந்தார். நடந்ததை யாரோ பாதியாகச் சொல்லியிருக்கிறார்கள். நேராக ஒப்பந்ததாரரிடம் போனார். “உத்திரத்தையே வெட்டிட்டீங்களாமே. உங்களை நம்பித்தானே இதை ஒப்படைச்சேன். இன்னைக்கே கணக்கை முடிச்சிட்டுக் கிளம்புங்க. இனிமே எந்த ஆஸ்பத்திரி வேலையும் உங்களுக்குக் கிடைக்காம நான் பார்த்துக்கறேன்.”

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கடிதம் என் கையில் இருந்தது; “அதை டாக்டரம்மாகிட்ட காட்டுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியோர்களே, எனக்குக் கிடைத்தது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் என் மனம் எப்படியெல்லாம் வளைந்தது தெரியுமா? பேசாமல் இருந்தால் பழி அவரோடு போய்விடும். என்னை அமர்த்தியது மருத்துவமனை. எனக்குச் சம்பளம் தருவது மருத்துவமனை. அவர்கள் பக்கம் நிற்பதுதானே முறை? கம்பியை வெட்டியது அவர் ஆள்தானே? அந்த மூன்று தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்? வைத்துக்கொள்ளவும் போனேன். மறைக்க மாட்டேன் என்று தொடக்கத்திலேயே சொன்னேனே. விரல்கள் மடிக்கத் தொடங்கிவிட்டன.

அப்போது அவர் நிமிர்ந்து பார்த்தார். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பதில் வருமா என்று பார்த்தார். பதினொரு நாளாக எப்படிப் பார்த்திருப்பாரோ, அப்படியே பார்த்தார்.

“டாக்டர், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னுது,” என்றேன். கடிதங்களை நீட்டினேன்.

மருத்துவர் நின்றுகொண்டே மூன்றையும் படித்தார். பிறகு என்னிடம் கேட்டதை இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொரு கட்டடக்கலைஞரும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். குரலை உயர்த்தாமல் கேட்டார். “எங்க வார்டுல நர்ஸ் மூணு தடவை கூப்பிட்டும் நான் போகாம இருந்தா, அப்புறம் நீங்க என்னை டாக்டர்னு சொல்லுவீங்களா?”

“மாட்டேன், டாக்டர்,” என்றேன். 

ஆனால் வருந்தவும் நேரம் இல்லை. லாரியில் இருக்கும் கான்கிரீட் நம் மனச்சாட்சிக்காகக் காத்திருக்காது. இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அது கல். அதில் அரை மணி ஏற்கெனவே போய்விட்டது. என்ன நடந்தது? கேளுங்கள், இந்த இடத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கும். ஒரு கணம் முன்புவரை வேலையை இழக்கவிருந்த மனிதர், தளத்தைக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு நடை நடந்தார். திரும்பி வந்தார். “அம்மா, குழாய் எந்த வழியா போகணும்னு நீங்க சொல்லுங்க. கான்கிரீட்ட நான் பார்த்துக்கறேன். கிழக்குப் பாதிய மட்டும் இன்னைக்குப் போட்டுட்டு, நடுவுல பலகை வச்சு நிறுத்திக்கலாம். இந்த உத்திரம் மேற்குப் பாதியில வருது. வெட்டுன கம்பிய மாத்திட்டு அத அடுத்த வாரம் போடலாம். இன்ஜினியர் சரின்னு சொன்னா போதும்.”

கட்டமைப்புப் பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்தோம். பலகையை எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று அவர் அளவோடு சொன்னார். சொன்னதை எழுத்திலும் அனுப்பினார். நான் சைட் கொட்டகையில் சிமென்ட் மூட்டைமேல் தாளை விரித்துக் குழாய்க்குப் புது வழி போட்டேன். மாடிப்படிக்குப் பின்னால் ஒரு மூலை சும்மா கிடந்தது. அதன் வழியாக நேராகக் கீழே இறக்கினேன். உத்திரத்தைத் தொடவே வேண்டியதில்லை. எத்தனை நிமிடம் ஆயிற்று என்கிறீர்கள்? பதினைந்து. பதினைந்து நிமிடத்தில் தரக்கூடிய பதிலுக்கு ஒரு மனிதரைப் பதினொரு நாள் காக்க வைத்திருக்கிறேன்.

அவர் தச்சர்களைக் கூப்பிட்டார். பலகை வந்தது. முதல் லாரி பின்னோக்கி நகர்ந்தது. கிழக்குப் பாதியில் கான்கிரீட் விழுந்த சத்தம் இருக்கிறதே, நான் கேட்ட எந்த இசையும் அதற்கு ஈடாகாது.

அன்று மாலையே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினேன். இந்தத் தாமதத்துக்குக் காரணம் ஒப்பந்ததாரர் இல்லை. அவர் மூன்று முறை கேட்டார், கட்டடக்கலைஞர் பதில் சொல்லவில்லை என்று என் கையெழுத்தோடு எழுதினேன். தலைமை மருத்துவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் சொன்னார். ஒவ்வொரு கடிதத்துக்கும் அன்றே பதில் அனுப்பினேன். அவர் சிரிக்கிறார், பாருங்கள். அப்போது சிரிக்கவில்லை.

மறுநாள் நானும் ரசமட்டமும் உட்கார்ந்து பேசினோம். தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டோம். இடது பக்கம் அவர் கேள்வி, வலது பக்கம் என் பதில், தேதியும் கையெழுத்தும். இரண்டு நாளுக்குள் பதில். தெரியாவிட்டால் ‘தெரியவில்லை, வியாழக்கிழமை சொல்கிறேன்’ என்றாவது எழுத வேண்டும். செவ்வாய்தோறும் நான் நேரில் வந்து, செய்த வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. அதோடு, என் வீட்டுக்கு எந்தப் பொட்டலமும் வரக்கூடாது, பழக்கூடைகூட. இதை நான் சொன்னபோது அவர் சிரித்தார். “உங்க வீட்டுக்கு வழியே எனக்குத் தெரியாதும்மா,” என்றார்.

தெரிந்துகொண்டார். நான்கு மாதத்தில் தெரிந்துகொண்டார். இப்போது தலைவர் நாற்காலியில் நெளிகிறார். அண்ணா, பாதியை மறைக்கக் கூடாது என்றது நீங்கள்தான்.

திறப்புக்குத் தேதி அறிவித்துவிட்டார்கள். நாட்கள் போதாமல் வேலை ஓடுகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை மேல்மாடியில் நடந்தேன். என் சாவிக்கொத்தால் ஒவ்வொரு தூணையும் தட்டிக்கொண்டே போவது வழக்கம். ‘டங்’ என்றது ஒரு தூண். ‘டங்’ என்றது அடுத்தது. மூன்றாவது தூணின் அடிப்பக்கம் ‘டொக்’ என்றது. பூச்சு ஈரம்கூடக் காயவில்லை. நான் பார்க்கும் முன்பே அவசரமாகப் பூசியிருக்கிறார்கள். மேஸ்திரியைக் கேட்டேன். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கடைசியில் சொன்னார். கான்கிரீட் போடும்போது, அதை அதிர்த்து இறக்கும் வைப்ரேட்டர் பாதியில் நின்றுவிட்டது; அடியில் சரியாக இறங்கவில்லை; பலகையைப் பிரித்தால் கல்லும் கல்லும் ஒட்டாமல் பொத்தல் பொத்தலாக இருந்தது. முதலாளிக்குத் தெரியுமா என்றேன். தெரியும் என்றார்.

நோட்டை எடுத்தேன். ‘இந்தத் தூணை ஏற்க முடியாது. பூச்சை உடைத்துக் காட்டவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.  என் மானத்தைக் காப்பாற்றிய மனிதரின் வேலை அது.

அன்று மாலை என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. திறந்தால் ரசமட்டமும் அவர் மனைவியும். அவர் மனைவியை உங்களுக்குத் தெரியும். பொருட்கிடங்குச் சாவி முழுவதும் அந்த அம்மாவின் இடுப்பில்தான். ஓர் ஆணி வெளியே போனாலும் அவருக்குத் தெரியும். கூடத்தில் உட்கார்ந்தார்கள். என் கணவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பது போல உள்ளே போனார். போனவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

ரசமட்டம்தான் பேச்சைத் தொடங்கினார். “அம்மா, ஒரே ஒரு தூண். அதுவும் அடியில ஒரு முழம்தான். இப்ப உடைச்சா திறப்பு விழா தள்ளிப்போகும். இத்தனை வருஷத்துல என் வேலைய யாரும் வேண்டாம்னு எழுதினது இல்ல.” பிறகு சொன்னார்: “அன்னைக்கு டாக்டரம்மா முன்னாடி நான் உங்களைக் காட்டிக்கொடுக்கல. அத நான் சொல்லிக்காட்டல. ஆனா நினைச்சுப் பாருங்கன்னு கேக்கறேன்.”

தாய்மார்களே, எதிரி கேட்டால் மறுப்பது எளிது. நல்லது செய்தவர் கேட்டால்? நன்றிக் கடனை எதைக் கொண்டு அடைப்பது? ஒரு தூணைக் கண்டும் காணாமல் விட்டு அடைக்கலாமா? கடன் வாங்கியது நான். அடைப்பது அந்தக் கூரைக்குக் கீழே படுக்கப்போகும் தாயா?

“அண்ணா,” என்றேன், “அன்னைக்கு நான் உண்மைய சொன்னது உங்களுக்காகன்னு நினைச்சுட்டீங்களா? உத்திரத்துல ஓட்டை இருந்தது, அதனால சொன்னேன். இன்னைக்குத் தூண்ல இருக்கு. நான் வேற என்ன சொல்ல முடியும்?”

  அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்த அவர் மனைவிதான் பேசினார். கணவரைப் பார்த்துக் கேட்டார்: “தூண்ல ஓட்டை இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“இருக்கு.”

“அப்ப எழுந்திருங்க. நான் இங்க கூட வந்ததே தப்பு.”

எழுந்துவிட்டார்கள். வாசலில் அந்த அம்மா திரும்பி என்னிடம், “இவர் சாப்பிடாமயே வந்துட்டாரும்மா, அதான் இப்படிப் பேசறாரு,” என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

மறுநாள் காலை நான் போவதற்குள் தூணைச் சுற்றி முட்டுக்கட்டைகள் ஏறியிருந்தன. பொறியாளர் பக்கத்தில் நின்று வழி சொல்ல, உளியும் சுத்தியலும் எடுத்துப் பூச்சை உடைத்தது யார்? மேஸ்திரி இல்லை. கூலிக்கு வந்தவர் இல்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நம் தலைவர் தாமே உடைத்தார். அத்தனை ஆட்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். உள்ளே கை நுழைகிற அளவு பொத்தல். முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னார். “நல்லா பார்த்துக்கங்க. இத மூடச் சொன்னது நான்தான். இனிமே நானே சொன்னாலும் மூடாதீங்க.”

உங்கள் கைதட்டலை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் தலைவர் என் பக்கம் திரும்பிக் கையைக் காட்டுகிறார், போதுமாம்.

திறப்பு விழா ஒன்பது நாள் தள்ளிப்போயிற்று. அடித்த அழைப்பிதழ்களில் தேதியைத் திருத்தினார்கள். கட்டடத்தை ஒப்படைத்த அன்று தலைமை மருத்துவர் அந்தத் தூணைத் தட்டிப் பார்த்தார். நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். இருநூற்றுப் பதினான்கு கேள்விகள், இருநூற்றுப் பதினான்கு பதில்கள். பிறகு கேட்டார். “பின்னாடி இன்னொரு கட்டடம் கட்டப் போறோம். இந்த நோட்டு அங்க வருமா?” வரும் என்றோம். “அப்ப நீங்க ரெண்டு பேரும் கூட வரலாம்.” அந்தக் கட்டடத்தில்தான் இப்போது இரண்டாவது மாடி நடக்கிறது. கண்ணாடிக் கோபுரப் போட்டி என்ன ஆயிற்று என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், தோற்றுவிட்டேன்.

என் சக கட்டடக்கலைஞர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளம் தருபவர் உரிமையாளர்தான். ஆனால் உரிமையாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையே ஒரு வழக்கு வந்தால், நாம் யார் பக்கம்? சம்பளத்தின் பக்கமா? சிநேகத்தின் பக்கமா? உண்மை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம். அது நம் பிழையைக் காட்டினாலும் அந்தப் பக்கம். நல்ல வேலையை நல்லது என்று எழுதக் கை தயங்கக்கூடாது. கெட்ட வேலையைக் கெட்டது என்று எழுதக் கை நடுங்கினாலும் எழுதாமல் விடக்கூடாது. நாம் செங்கல் சுமப்பதில்லை. கம்பி வளைப்பதில்லை. வெயிலில் நின்று கருகுவதில்லை. நம்மிடம் கேட்பதெல்லாம் பார்வை, பதில், நேர்மை. இந்த மூன்றையும்கூடத் தர முடியாவிட்டால் பென்சிலை எதற்குச் சீவுகிறோம்?

ஒப்பந்ததாரர் பெருமக்களே, உங்களுக்கும் ஒன்று. கேளுங்கள். எங்களைக் கேளுங்கள். நாங்கள் முகம் சுளித்தாலும் கேளுங்கள். மூன்று தடவை கேட்டும் பதில் வராவிட்டால், தெரிந்தபடி செய்யாதீர்கள், வேலையை நிறுத்திவிட்டு நான்காவது தடவை வாசலில் வந்து நின்று கேளுங்கள். கேள்வி கேட்பவர் அறியாதவர் என்று எவராவது நினைத்தால் அவரைவிட அறியாதவர் உலகத்தில் இல்லை. கட்டடம் எழும்புவது கல்லாலா? கம்பியாலா? கேள்வியாலும் பதிலாலும். இந்தக் கூட்டத்தில் யாரை வேண்டுமானாலும் இப்போதே கேட்கச் சொல்லுங்கள், நான்...

யாரம்மா அது? ஆறாவது வரிசையில் எழுந்து நிற்பவர். நீங்கள்தான், உட்காராதீர்கள், சொல்லுங்கள். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கட்டும்.

அவர் கேட்கிறார்: “நாங்களும் கேக்கலாமா?” கேட்கலாம் தாயே. கேளுங்கள்.

அவர் நம் புதுக் கட்டடத்தில்தான் கல் சுமக்கிறாராம். “ரெண்டாவது மாடிப் படியில பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல. தலையில பாரம் வச்சுக்கிட்டுச் சுவத்தத் தடவித் தடவி ஏறுறோம். கைப்பிடிக் கட்டை எப்ப கட்டுவீங்க?”

நண்பர்களே, நான் போன செவ்வாய்க்கிழமை அதே படியில் ஏறினேன். ஏறி இறங்கினேன். என் கண்ணில் படவில்லை. ஏன் படவில்லை? என் கையில் இருந்தது காகிதம். இவர் தலையில் இருந்தது செங்கல். இத்தனை நேரம் இந்த மேடையில் பார்வை, பதில், நேர்மை என்று முழங்கினேனே, பார்வையிலேயே தோற்று நிற்கிறேன். ஆட்களின் பாதுகாப்பு ஒப்பந்ததாரர் வேலை என்று ஒப்பந்தத்தைக் காட்டி நான் நழுவலாம். ஆனால் ஆபத்தைக் கண்டால் வாய் திறக்க வேண்டியது யார் வேலை? என் வேலை. காணத் தவறியதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

தலைவர் எழுந்துவிட்டார். மைக்கை நீட்டுகிறேன், வேண்டாம் என்கிறார். அவர் சொல்வதை நானே திருப்பிச் சொல்கிறேன். “நாளைக்குக் காலைல கட்டை கட்டி முடிக்கிற வரைக்கும் அந்தப் படியில யாரும் பாரம் ஏத்த வேண்டாம். வேலை நின்னா நிக்கட்டும், கூலி நிக்காது.” கட்டி முடித்ததும் அதை அசைத்துப் பார்க்க எட்டு மணிக்கு நான் அங்கே இருப்பேன். அம்மா, உங்களுக்கு அது போதுமா? தலையை ஆட்டுகிறார். போதுமாம்.

இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? என்னை நம்பி மேடை தந்த சங்கத்துக்கும், தம் தவறை ஊரறியச் சொல்ல இசைந்த தலைவருக்கும், கேட்கத் துணிந்து எழுந்த அந்தச் சகோதரிக்கும், பொறுமையோடு செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் என் இதயம் கனிந்த நன்றி. நாளைக் காலை வேலைத்தளத்தில் சந்திப்போம். வணக்கம்.